மின்மூக்கும் மீனின் பதமும்

சென்னைக் காசிமேட்டுத் துறைமுகத்தில் பொழுது விடிவதற்கு முன்னால் நடக்கும் மீன் ஏலத்தை ஒரு நாள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, வயது முதிர்ந்த வியாபாரி ஒருவர், தம் முன்னே கொட்டிக் கிடந்த வஞ்சிரத்தையும் சூரையையும் ஒவ்வொன்றாக எடுத்து, கட்டை விரலால் செவுளைத் தூக்கி, அதன் சிவப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் மூக்கை வைத்து முகர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இடப் பக்கமோ வலப் பக்கமோ ஒதுக்கிக்கொண்டே போனார். முப்பது நாற்பது மீன்கள் ஆனதும் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, காற்று வீசுகிற பக்கமாகத் துறையின் விளிம்பில் போய் நின்றார். காரணம் கேட்டேன். "மூக்கு செத்துப்போச்சுங்க ஐயா, கொஞ்சம் காத்து வாங்கினாத்தான் திரும்ப வரும்" என்று சொல்லிவிட்டு, சிறிது நேரத்தில் மறுபடியும் கூடையின் அருகே வந்து உட்கார்ந்தார்.

இந்தக் கட்டுரையில் நான் ஆராயப் புகும் விஷயம் முழுவதும் அந்தப் பெரியவரின் இரண்டு செய்கைகளுக்குள் அடங்கிவிடுகிறது. மீனின் பதத்தை அறிவதற்கு மூக்கைவிடச் சூட்சுமமான கருவி நம்மிடம் இல்லை என்பது ஒன்று. அந்த மூக்கு, தொடர்ந்து ஒரே வாடையில் இருந்தால் அரை மணி நேரத்திற்குள் மழுங்கிவிடுகிறது என்பது மற்றொன்று. களைப்பே அறியாத ஒரு மூக்கை மின்சாரத்தைக் கொண்டு செய்துவிட முடியுமா என்ற கேள்வியை விஞ்ஞானிகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், நம் கடற்கரைக்கு அந்தச் சாதனத்தால் என்ன பிரயோஜனம் என்பவற்றைப் பார்ப்பதற்கு முன்னால், மீன் ஏன் நாறுகிறது என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

அப்பொழுதே பிடித்த கடல்மீனுக்குக் கவிச்சி கிடையாது. கடற்காற்றையும் நறுக்கிய வெள்ளரிப்பிஞ்சையும் நினைவூட்டுகிற ஒரு மெல்லிய பசுமை வாசனைதான் அதற்கு உண்டு. அதன் உடலில் உள்ள கொழுப்பை அதன் சொந்த நொதிகளே உடைப்பதனால் பிறக்கும், ஆறு முதல் ஒன்பது கரியணுக்கள் கொண்ட ஆல்டிஹைடுகளும் ஆல்கஹால்களுமே அந்த வாசனைக்குக் காரணம். மீன் உயிரை விட்ட பிறகு, தசைகளுக்குச் சக்தியளித்து வந்த ஏடிபி என்னும் பொருள் படிப்படியாகச் சிதைந்து, இனோசினாகவும் ஹைபோக்ஸாந்தினாகவும் மாறுகிறது. மாமிசத்தின் இனிய சுவை குன்றுவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் இந்த மாறுதல் எதற்கும் மணம் கிடையாது. பாக்டீரியாக்கள் உள்ளே நுழைந்த பின்னரே நாற்றம் தொடங்குகிறது.

கடல்மீன்கள், சுற்றியுள்ள உப்பு நீருக்கு ஈடுகொடுத்துத் தம் உடல் நீரைக் காத்துக்கொள்வதற்காக, டிரைமெத்திலமீன் ஆக்ஸைடு என்ற பொருளைத் தசைகளில் சேர்த்து வைத்திருக்கின்றன. அதற்கு வாசனை இல்லை. ஐஸ் பெட்டியின் குளிரிலும் தளராமல் பெருகுகிற ஷிவனெல்லா என்னும் பாக்டீரியா, நாம் காற்றிலுள்ள பிராணவாயுவைப் பயன்படுத்திக்கொள்வதைப்போல, அந்தப் பொருளில் ஒட்டியிருக்கும் பிராணவாயுவைப் பிடுங்கித் தன் சுவாசத்துக்கு உபயோகித்துக்கொள்கிறது. மிஞ்சி நிற்பது டிரைமெத்திலமீன். நெய்தல் நிலத்துக் கவிகள் புலவு என்று சொன்னதும், சமையலறையில் நாம் கவிச்சி என்று மூக்கைச் சுளிப்பதும் பெரும்பாலும் இதையே. காற்றில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும் மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். இதற்குப் பிறகு கந்தகச் சேர்க்கைகளான ஹைட்ரஜன் சல்பைடும் மெத்தில் மெர்காப்டனும், கடைசியில் அம்மோனியாவும் வந்து சேர, மீன் கூடையோடு குப்பைக்குப் போக வேண்டியதாகிறது.

இங்கே ஒரு வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி, புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு முறை அலசுவதற்குக் காரணம் வெறும் சம்பிரதாயம் அன்று. டிரைமெத்திலமீன் காரத்தன்மையுடையது, அமிலம் பட்டவுடன் அது உப்பாக மாறி, ஆவியாகிற குணத்தை இழந்து, மாமிசத்திலேயே தங்கிவிடுகிறது. நாற்றம் போய்விட்டதே ஒழியப் பொருள் போகவில்லை. ஆய்வுக்கூடத்து ரசாயனி இதற்கு நேர் எதிராக, மீன் கூழில் மக்னீசியம் ஆக்ஸைடு போன்ற காரத்தைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஒளிந்திருக்கும் அமீன்களையெல்லாம் ஆவியாக்கி வெளியே இழுத்து அளக்கிறார். காற்றை மட்டும் நம்பி மீனை எடைபோட நினைக்கும் எந்தக் கருவியும், புளித்தண்ணீர் கண்ட மீனின் முன்னால் ஏமாந்துபோவதற்கு இடமுண்டு என்பதை வாசகர்கள் இப்பொழுதே மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதத்தை அளக்க மின்மூக்கைத் தவிர வேறு பல முறைகளும் உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 1929-ல் நிறுவப்பட்ட டோரி ஆராய்ச்சி நிலையத்தார், வேகவைத்த காட் மீனின் மணத்தையும் சுவையையும் பத்திலிருந்து மூன்று வரை இறங்கும் ஓர் எண்வரிசையில் வகுத்தார்கள். ஜப்பானியர் 1959-ல், ஏடிபியின் சிதைவுப் பொருள்களில் இனோசினும் ஹைபோக்ஸாந்தினும் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கணக்கிட்டு அதற்குக் கே-மதிப்பு என்று பெயரிட்டார்கள். பச்சையாக உண்ணும் மீனுக்கு அது 20-க்குள் இருப்பது உத்தமம் என்பது அவர்கள் வழக்கம். டாஸ்மேனியாவில் பிறந்து ஐரோப்பாவில் வளர்ந்த தரக்குறியீட்டு முறை, கண், செவுள், தோல், மணம் ஆகிய ஒவ்வொன்றின் குறைக்கும் ஓர் எண் கொடுத்துக் கூட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1996-ம் ஆண்டின் விதிப்படி மீனை உயர்தரம், முதல் தரம், இரண்டாம் தரம் என்று மனிதரின் புலன்களைக் கொண்டே பிரிக்கிறது. சந்தேகம் எழுந்தால் மட்டும், மேலே சொன்னபடி ஆவியாக்கி அளக்கும் காரநைட்ரஜன் 100 கிராமில் 25 முதல் 35 மில்லிகிராம் வரை என்ற, மீன் இனத்துக்குத் தக்கபடி மாறும் வரம்பைக் கொண்டு தீர்ப்புச் சொல்கிறது. இவற்றுள் புலன்முறைக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். ரசாயனமுறைக்கு நேரம் வேண்டும், அதோடு மீனையும் அரைத்தாக வேண்டும். ஏலம் அதற்காகக் காத்திருக்காது.

மின்மூக்கின் பிறப்பை 1982-ம் ஆண்டிலிருந்து கணக்கிடுவது மரபு. அந்த ஆண்டில் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்சாட், டாட் என்ற இருவர், வெள்ளீய ஆக்ஸைடால் ஆன மூன்று வாயு உணரிகளை ஒன்றுசேர்த்து, அவை ஒவ்வொன்றும் எந்த மணத்தையும் தனித்து அறியாவிட்டாலும், மூன்றின் விடைகளையும் ஒப்பிட்டால் பல மணங்களைப் பிரித்தறியலாம் என்று காட்டினார்கள். பாலூட்டிகளின் மூக்கும் இப்படித்தான் வேலை செய்கிறது என்பது அவர்களுடைய கருத்து; லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸெலும் 1991-ல் மண ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்தபோது (2004-ல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது இதற்காகவே) அந்தக் கருத்துக்கு வலிமை கூடியது. ஒரு மணம் பல ஏற்பிகளைத் தொடுகிறது. ஓர் ஏற்பி பல மணங்களுக்கு இசைகிறது. அந்தச் சேர்க்கையின் உருவத்தையே மூளை மல்லிகை என்றும் மத்தி என்றும் அடையாளம் கண்டுகொள்கிறது.

உணரியின் வேலை எளிமையானது. இருநூறு முதல் நானூறு டிகிரி வரை சூடாக்கப்பட்ட வெள்ளீய ஆக்ஸைடின் மேற்பரப்பில் காற்றிலுள்ள பிராணவாயு வந்து ஒட்டிக்கொண்டு, அதன் எலெக்ட்ரான்களைப் பற்றிக்கொள்ள, மின்தடை உயர்ந்து நிற்கிறது. மீனிலிருந்து எழும் அமீனோ ஆல்கஹாலோ அங்கே வந்து அந்தப் பிராணவாயுவோடு கலந்து எரிந்ததும், சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் விடுபட்டு, தடை சட்டென்று இறங்குகிறது. இந்த இறக்கத்தை எண்ணாகப் பதிவு செய்து, பத்து உணரிகளுக்குப் பத்து எண்கள் என்று சேர்த்துக் கணிப்பொறியிடம் கொடுப்பதுதான் மின்மூக்கு. வெவ்வேறு ஆய்வாளர்கள் உணரிக்கு வெவ்வேறு பொருள்களை எடுத்தாண்டார்கள். ரோமாபுரியில் உள்ள தோர் வெர்காதா பல்கலைக்கழகத்தார், நம் ரத்தத்தின் சிவப்புக்கும் இலையின் பச்சைக்கும் மூலமான பார்ஃபிரின் குடும்பத்துப் பொருள்களைக் குவார்ட்ஸ் படிகங்களின் மேல் பூசி, அவற்றில் மண மூலக்கூறுகள் படிந்து எடை கூடும்போது படிகத்தின் அதிர்வு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். இந்தத் துறையில் என் மனத்தை மிகவும் கவர்ந்த உத்தி இதுவே.

மீனுக்கென்று இந்தச் சாதனத்தைப் பக்குவப்படுத்தியவர்களில் ஜப்பானியருக்கும் ஐஸ்லாந்தியருக்கும் விசேஷமான இடம் உண்டு. நாகசாகிப் பல்கலைக்கழகத்தில் எகாஷிரா, ஷிமிசு முதலானோர் டிரைமெத்திலமீனுக்கென்றே பிரத்தியேகமாக இசையும் உணரிகளைத் தேடி, டைட்டேனியம் ஆக்ஸைடில் ருத்தேனியம் போன்ற உலோகத்தைச் சிறிதளவு சேர்த்துப் பார்த்தார்கள். அவர்களுடைய நோக்கம் ஒரே வாயு, ஒரே கேள்வி. ஐஸ்லாந்தில் குத்ரூன் ஓலாஃப்ஸ்தோத்திரும் அவருடைய சகாக்களும் வேறு வழியில் போனார்கள். தங்கள் கருவியின் மூடிய பாத்திரத்தில் மீனை வைத்து, கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரஜன் சல்பைடு, கந்தக டையாக்ஸைடு, அம்மோனியா ஆகியவற்றுக்கென்று தொழிற்சாலைப் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட மின்வேதி உணரிகளை அதன்மேல் பொருத்தினார்கள். கார்பன் மோனாக்ஸைடு உணரி மீனின் ஆல்கஹால்களுக்கும் ஆல்டிஹைடுகளுக்கும் இசைந்தது; அம்மோனியா உணரி அமீன்கள் எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தது. மீன்மாவு ஆலைக்குப் போகும் கேப்லின் என்ற சிறுமீனைக் கொண்டு 1997-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மீன் கெடக் கெட, அந்த அளவீடுகளும் காரநைட்ரஜனின் அளவும் கூடவே ஏறின. அவர்களும் ரோமாபுரியாரும் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட காட் மீன் ஆய்வு அதைவிட முக்கியமானது: இரண்டு மின்மூக்குகளின் விடைகளையும் இணைத்தபோது, தனித்தனியே ஒவ்வொன்றும் சொன்னதைவிட நம்பகமான விடை கிடைத்தது. இதையே மேலும் விரித்து, மணத்தோடு நிறம், மாமிசத்தின் இறுக்கம், மின்கடத்தல் முதலியவற்றையும் அளந்து ஒரே குறியீடாக்கும் ஐரோப்பியக் கூட்டுமுயற்சி 2004-ல் தன் முடிவுகளைத் தந்தது. காசிமேட்டுப் பெரியவர் முதலில் செவுளைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறந்தான் முகர்ந்தார் என்பதை நான் இங்கே மறக்கவில்லை.

இந்த வெற்றிகளைப் படிக்கும் ஒருவருக்கு, கருவி ஏன் இன்னும் மீன்சந்தைக்கு வந்து சேரவில்லை என்ற ஆச்சரியம் உண்டாகும். காரணங்களை நான் அறிந்த அளவில் சொல்கிறேன்.

முதலாவது, ஈரம். ஐஸிலிருந்து எடுத்த மீன் எப்பொழுதும் நனைந்தே இருக்கிறது. நம் கடற்கரைக் காற்றோ ஆண்டு முழுவதும் நீராவியைச் சுமந்து நிற்கிறது. வெள்ளீய ஆக்ஸைடுக்கு நீராவியும் ஒரு செய்தியே. பத்து லட்சத்தில் சில பங்குகளாக எழும் அமீனைத் தேடுகிற உணரி, அதைவிடப் பல்லாயிரம் மடங்கு மிகுந்த நீராவியில் முதலில் முழுகவேண்டியிருக்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல உணரியின் சுபாவமே மாறி, ஜனவரியில் கற்றுக்கொடுத்த பாடத்தை ஜூலையில் பிழையாக ஒப்பிக்கிறது. இந்தக் குறைகளுக்கு ஈடுசெய்யும் கணக்குகள் வந்திருக்கின்றன. முற்றிலும் தீர்ந்துவிட்டதாக யாரும் உரிமை கொண்டாட முடியாது.

இரண்டாவது, மீனின் வகை. சுறாவும் திருக்கையும் தங்கள் உடலில் யூரியாவை ஏராளமாகச் சேர்த்து வைத்திருப்பதால், அவற்றில் அம்மோனியா வெகு சீக்கிரத்தில் கிளம்பிவிடுகிறது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கும் என்று கடற்கரை வீடுகளில் பால்சுறாவைத் தேடிப் பிடித்துப் புட்டு செய்து கொடுக்கிறார்களே, அந்தச் சுறாவைக் காட் மீனில் பழகிய மின்மூக்கின் முன் வைத்தால், நல்ல மீனையே கெட்டது என்று அது ஒதுக்கக்கூடும். மறுபுறம், கெண்டை, ரோகு முதலிய நன்னீர் மீன்களில் டிரைமெத்திலமீன் ஆக்ஸைடு சொற்பம். ஐஸில் அவற்றைக் கெடுப்பவை பெரும்பாலும் சூடோமோனாஸ் இனத்துப் பாக்டீரியாக்கள். ஆகவே அமீனையே எதிர்பார்த்திருக்கும் கருவி அவற்றின் கேட்டைத் தாமதமாகத்தான் உணரும். மத்தியின் கொழுப்பு காற்றுப் பட்டுக் கசக்கும்போது எழும் ஹெக்ஸனால் அம்மோனியாவிலும் அமீனிலும் சேராதது. வெப்பக் கடல் மீன்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் குளிருக்குப் பழகாதவை என்பதனால், நன்றாக ஐஸிட்ட நம் மீன்கள் குளிர்நாட்டு மீன்களைவிட நெடுநாள் தாங்குவதும் பலரும் அறிந்ததே. வடகடலின் அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து வங்கக்கடலில் வைத்தால் அது பொருந்தாது.

மூன்றாவது காரணம் ஆய்வு செய்யும் முறையைப் பற்றியது. என் மனத்தை அதிகமாக வருத்துவதும் இதுதான். ஒரு கூடை மீனை ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில் ஐஸிட்டு, நாள்தோறும் ஒரு துண்டை எடுத்து முகரவைத்து, இது எத்தனையாம் நாள் மீன் என்று கருவி சரியாகச் சொல்லிவிட்டது என்று பல கட்டுரைகள் மகிழ்கின்றன. அந்தக் கருவி அந்தப் பெட்டியைத்தான் கற்றுக்கொண்டது. வேறு படகு, வேறு வலை, நடுப்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் தளத்தில் கிடந்த மீன், முட்டையிடும் பருவத்து மீன் என்ற வேற்றுமைகளெல்லாம் சேர்ந்துவரும்போது அது என்ன சொல்லும் என்பதே வியாபாரிக்கும் உண்பவருக்கும் வேண்டிய விடை. மேலும், மின்மூக்கு தானாக நல்லது கெட்டது அறிவதில்லை. பயிற்சி பெற்ற மனிதர் நல்லது என்று சொன்னதை நல்லது என்றும், கெட்டது என்று சொன்னதைக் கெட்டது என்றும் அது மனப்பாடம் செய்கிறது. கற்பிக்கிறவரின் மூக்கு எவ்வளவு நேர்மையானதோ அவ்வளவே அதன் அறிவும் நேர்மையாயிருக்கும்.

இனி, மணமே இல்லாத ஆபத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. சூரையும் கானாங்கெளுத்தியும் சில மணி நேரம் வெப்பத்தில் கிடந்தால், அவற்றின் மாமிசத்திலுள்ள ஹிஸ்டிடினைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமீனாக மாற்றிவிடுகின்றன. முகம் சிவக்கவும், தலை வலிக்கவும், உடம்பெல்லாம் தடித்துப்போகவும் செய்யும் அந்த நஞ்சு, குழம்பு கொதித்தாலும் அழிவதில்லை. அதற்கு நாற்றமும் இல்லை. கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற சர்வதேச வரம்பைத் தாண்டிய மீன் கண்ணுக்கும் மூக்குக்கும் குற்றமற்றதாகவே தோன்றலாம். அதேபோல, 2018-ல் கேரளத்தில் 'சாகர் ராணி' என்ற பெயரில் நடந்த சோதனைகளில் பிடிபட்ட பார்மலின் மீனை எண்ணிப் பாருங்கள். பார்மலின் பாக்டீரியாவைக் கொன்று நாற்றம் பிறக்காமலே தடுப்பதால், கெட்ட வாடையை மட்டும் கற்ற கருவி அந்த மீனுக்கு நற்சான்று கொடுத்துவிடும். பார்மலினில் உள்ள பார்மால்டிஹைடுக்கென்று தனி உணரி வைக்கலாமே என்றால், வங்கராவாசி போன்ற சில மீன்களில் அந்தப் பொருள் இயற்கையாகவே உண்டாகிறது என்பது குறுக்கே நிற்கிறது. கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தார், பார்மலினுக்கும் அம்மோனியாவுக்கும் காகிதப்பட்டையால் சில நிமிஷங்களில் கண்டறியும் எளிய சோதனையைச் செய்து கொடுத்தது, இந்தச் சிக்கலில் மிகவும் மதிக்கத்தக்க காரியம் என்று கருதுகிறேன்.

மின்மூக்கு என்பது நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. கல்கத்தாவில் ஸி-டாக் நிறுவனமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் தேயிலை புளிக்கும் பருவத்தை அறிய அதைப் பயன்படுத்தியிருக்கின்றன; தஞ்சாவூர் சாஸ்திராப் பல்கலைக்கழகத்தில் அறையின் வெப்பத்திலேயே அம்மோனியாவை உணரும் துத்தநாக ஆக்ஸைடுப் படலங்களைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சூடாக்க வேண்டாத உணரிக்கு மின்சாரம் குறைவாகப் போதும். பாட்டரியோடு படகில் வைத்துக்கொள்ளலாம். டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தார் புரோமோகிரெசால் பச்சை என்னும் சாயத்தைப் படலமாக்கி, மீன் பொட்டலத்துக்குள் அமீன் சேரும்போது நிறம் மாறும் சீட்டாக ஒட்டினார்கள். அது மூக்கு என்று சொல்லத்தக்கதன்று, ஆனால் விலை சொற்பம், கல்வி அறிவில்லாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

எல்லா மீனையும் எல்லா நாற்றத்தையும் அறியும் சர்வவியாபகமான கருவியைத் தேடுவது நம் சக்தியை வீணாக்கும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஒரே மீனையும் ஒரே துறையையும் எடுத்துக்கொண்டு, நாலைந்து மலிவான உணரிகளோடு தொடங்குவதே நம் நிலைமைக்கு ஏற்றது. மூக்கு சலித்துப்போகும் இடங்களான ஏற்றுமதிக் கூடத்தின் பெல்ட்டிலும், ஏலத்தின் நடுவிலும், அந்தப் பெரியவர் காற்று வாங்கப் போயிருக்கும் பத்து நிமிஷத்திலும் அது துணையாக இருக்கட்டும். சந்தேகத்துக்குரிய கூடையை அது தனியே எடுத்து வைக்க, தீர்ப்பை அவர் சொல்லட்டும். ஹிஸ்டமீனுக்கு வேறு சோதனை கட்டாயம் வேண்டும். முகரும் இடத்தையும் வரையறுத்தாக வேண்டும்: தோலின் மேல் அலசிய மீன் பொய் சொல்லும், செவுளுக்குள்ளும் வயிற்றறையிலும் தேங்கிய காற்று அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

மத்தியிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது. ஏழை வீட்டுச் சட்டிக்கு அதிகமாகப் போகும் மீன் அது; மிக விரைவில் கெடுவதும் அதுவே. ஒரு துறையில், கோடையிலும் மழைக்காலத்திலுமாக, வெவ்வேறு படகுகளிலிருந்து மீனை வாங்கி, ஒரு பங்கை அனுபவம் வாய்ந்த வியாபாரிகளின் மூக்குக்கும், ஒரு பங்கை ரசாயனியின் குடுவைக்கும், ஒரு பங்கை உணரிக்கும் கொடுத்து, மூன்று விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வரவேண்டும். அதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. அதற்கு எந்த உணரியும் தேவையில்லை. மீன் வலையிலிருந்து தளத்தில் விழுந்த மணியையும், அதன்மேல் முதல் ஐஸ் போட்ட மணியையும் படகிலேயே குறித்து, கூடையின் கைப்பிடியில் ஒரு சீட்டாகக் கட்டிவிடுவது. இந்த இரண்டு மணிகளும் தெரியாத கூடையிலிருந்து மின்மூக்குக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க முடியாது.